பூனை நிராகரித்த மெத்தை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மழைக்குக்கூட அரசு அலுவலகம் பக்கம் ஒதுங்காதவன் நான். அன்று குடை இல்லை; ஒதுங்கினேன். சிறுதொழில்காரர்களின் சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்ப உதவும் அலுவலகம் அது. உள்ளே ஓர் அண்ணியும் நாத்தனாரும் ஒரு பூனையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மழை விட்டும் நான் கிளம்பவில்லை.

2

‘நம்பிக்கையின் கதிர்கள் அந்தப் பட்டறையின் மீது...’ [அடித்துவிட்டேன். ஜன்னலே இல்லாத பட்டறை.]

அண்ணி மெத்தை தைப்பவள். ஐந்து தையல் மிஷின்களில் மூன்று உறை போட்டுக் கிடந்தன. அவற்றில் தைத்த மூன்று பெண்களையும் “வேலை வந்தா கூப்பிடறேன்” என்று அவளே வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். அதன்பிறகு அவர்கள் தெரு வழியாகப் போக அவளுக்குக் கால் வரவில்லை.

அப்போதுதான் இந்த அலுவலகத்து ஆலோசகர், வெளிநாட்டில் பூனைக்கு மெத்தை வாங்குகிறார்கள் என்று சொன்னார்.

“பூனைக்கா? எனக்கே வீட்ல பாய்தான்!” என்றாள் நாத்தனார்.

3

ஆலோசகரின் பட்டப்பெயர் ‘பார்ப்போம்’.*

அவர்தான் வாங்குபவரைத் தேடிப் பிடித்தார். மாதிரி மெத்தையை அலுவலகச் செலவிலேயே அனுப்பி, அன்று வீடியோவில் பேசவும் ஏற்பாடு செய்திருந்தார்.

(* எதைக் கேட்டாலும் “சரி, பார்ப்போம்” என்பார். அதிசயம் என்னவென்றால், நிஜமாகவே பார்ப்பார். முதல் வரைவில் அவரை லஞ்சத்துக்குக் கைநீட்டுகிறவராக எழுதினேன். நீங்கள் உடனே நம்பியிருப்பீர்கள், கதைதான் நகரவில்லை.)

4

திரையில் வாங்குபவர் அம்மாள். பக்கத்தில் அவருடைய பூனை. தொப்பையும் தொந்தியுமாய், மாப்பிள்ளை முறுக்கோடு. மெத்தையில் ஒரு கால் வைத்தது. முகர்ந்தது. இறங்கியது. மெத்தை வந்த அட்டைப்பெட்டிக்குள் போய், அடியில் மெத்தை நசுங்காமலிருக்கப் போட்டிருந்த ஒட்டுத்துணி விரிப்பில் சுருண்டு படுத்துவிட்டது.

அண்ணிக்கு முகம் செத்துப்போனது.

அம்மாள் சிரித்தபடி ஏதோ சொன்னார். ஆலோசகர் தொண்டையைச் செருமினார்.

“அவங்களுக்கு மெத்தை வேண்டாமாம். அந்த விரிப்பு எவ்வளவு தைக்க முடியும்னு கேக்கறாங்க. நிறைய வேணுமாம்.”

“அது வெட்டுத்துணிங்க! குப்பைக்குப் போறது. நான் பாத்துப் பாத்துத் தச்சது மெத்தையதான்!”

“அண்ணி, படுக்கப் போறது பூனை. அதோட இஷ்டம்.”

“நீ சும்மா இரு. பூனையா எனக்குத் தொழில் சொல்லிக்குடுக்கணும்?”

“நேத்து வரைக்கும் நான் சொன்னேன், கேக்கல. இப்ப பூனை சொல்லுது, கேளுங்க.”

ஆலோசகர் குறுக்கே வந்தார். “புதுசா ஆள் எடுத்தா, பயிற்சி முடியற வரைக்கும் பாதிச் சம்பளம் நாங்க தர்றோம். எத்தனை பேர எடுப்பீங்க?”

அண்ணி திரையை நோக்கிக் குனிந்தாள். மெத்தையைப் பார்த்தாள். சுகமாய்த் தூங்கும் பூனையைப் பார்த்தாள்.

“மூணு பேரு,” என்றாள் கடைசியில். “ஆனா பொய் சொல்ல மாட்டேன் சார். அவங்க புதுசு இல்ல. என்னைவிட நல்லாத் தைப்பாங்க.”

“சரி, பார்ப்போம்,” என்றார் அவர்.

5

விரிப்பு கப்பலேறிவிட்டது. ஐந்து மிஷினும் ஓடுகின்றன, காதால் கேட்டேன். அதில் சந்தேகம் வேண்டாம்.

எனக்கு எழுத வராதது இடையிலுள்ள ஒரே ஒரு வாக்கியம். முதல் பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு அண்ணி என்ன சொன்னாள்? மன்னிப்புக் கேட்கவைத்தேன், அவள் குரலாக இல்லை. ‘பூனைக்கு உன்னைப் பிடிச்சுப்போச்சு’ என்று எழுதினேன். நான் மட்டும் சிரித்தேன். ‘வேலை வந்தா கூப்பிடறேன்னு...’

வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். எப்படிக் கூப்பிட்டிருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பீர்கள்? அதை இங்கே எழுதுங்கள்:

“..............................”

சீக்கிரம். உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்கிறது.