அலுமினிய மூடியும் என் முரட்டுக் கையும்

முதல்லயே சொல்லிடறேன், எங்க பட்டறையில கைப்பலத்துல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது. ஜூலையில குளிர் நடுக்கற எங்க காஷியாஸ் ஊர்ல இருபத்திரண்டு வருஷமா டிராக்டருக்கு இரும்பு கடைஞ்சவன் இந்த அடெமிர். ஸ்பானர்ல ரெண்டடி பைப்பைச் சொருகி நான் ஒரு நட்டை இறுக்கினா, அதைக் கழட்டறதுக்கும் நான்தான் வரணும். அப்பேர்ப்பட்டவனை ஒரு அலுமினிய மூடி மூணு வாரம் போட்டுப் பாடாப் படுத்துச்சு.

ஏதோ பம்புக்கான மூடி. சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும், கனம் சுண்டுவிரல்ல பாதிகூட இல்லை. ஓரத்தைச் சுத்தி ஆறு ஓட்டை போடணும். அவ்வளவுதானேன்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு ஓட்டையும் அதுக்குன்னு குறிச்ச இடத்துலேருந்து இருபது மைக்ரானுக்கு மேல தள்ளிப் போகக் கூடாது. தலைமுடியே எழுபது மைக்ரான் தடிமன் இருக்குமாம். இதையெல்லாம் வரைஞ்சு அனுப்பறவன் என்னிக்காவது ஒரு ஓட்டை போட்டுப் பார்த்திருப்பானா, சொல்லுங்க!

காலை ஷிப்ட் நான், மத்தியானம் ஜுசாரா. அதே மெஷின், அதே புரோகிராம், அதே டிரில். அவ போடறதெல்லாம் பாஸ், நான் போடறதெல்லாம் குப்பைத் தொட்டி. அவ எங்க பட்டறைக்கு வந்து ஆறே வருஷம்தான் ஆகுது. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

இன்னொரு கொடுமையும் உண்டு. மெஷின்லயே வச்சு நான் அளந்தா எட்டு மைக்ரான்தான் காட்டும். விசிலடிச்சுக்கிட்டே ஜாபை, அதான் அந்த மூடியை, கழட்டி அளவு ரூமுக்குக் கொண்டு போவேன். அங்க கிளேசி அக்கா உக்காந்திருப்பாங்க. நாள் முழுக்க அளந்து அளந்து, மனுஷங்களையும் அளக்கற மாதிரியே பார்க்கற ஆளு.

"நாப்பத்தாறு."

"என்னது நாப்பத்தாறு? எட்டுக்கா நாப்பத்தாறு?"

"நாப்பத்தாறு, அடெமிர். எடுத்துக்கிட்டுப் போ."

"இந்த ரூம்ல ஹீட்டரைப் போட்டு வச்சிருக்கீங்கக்கா. சூட்டுல ஜாப் பெருத்துப் போகுது."

"எப்பவும் இருபது டிகிரிதான். வெளியே ஜூலைக் குளிர்ல நீ விறைச்சுப் போனா அதுக்கு நான் என்ன பண்ண? ஜாபை ரெண்டு மணி நேரம் இங்கேயே வச்சிருந்துதான் அளந்தேன். வேணும்னா நீயும் ரெண்டு மணி நேரம் உக்காரு, உன் புத்தியும் ஒரு நிலைக்கு வரும்."

அப்பதான் மேஜை மேல அத்திப்பழ ஜாம் பாட்டிலைப் பார்த்தேன். ஜுசாரா வீட்டுல காய்ச்சினது. ஓஹோ, கதை இப்படிப் போகுதா! மறுநாள் நானும் உலர்த்தின பன்னிக்கறி சலாமி ஒண்ணை முழுசாப் பேப்பர்ல சுத்திக் கொண்டு போய் வச்சேன். அக்கா அதை மோந்து பார்த்து, ரொம்ப சந்தோஷம்னு சொல்லிப் பைக்குள்ள போட்டுக்கிட்டாங்க. அப்புறம் ஜாபை அளந்தாங்க.

"நாப்பத்தொம்பது."

சலாமியைத் திருப்பிக் கேக்கவும் முடியலை.

இந்தக் கூத்துக்கு நடுவுல, அஞ்சு பக்கமும் சுத்திச் சுத்திக் கடையற புது மெஷின் ஒண்ணு வந்து இறங்கியிருந்துச்சு. பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கலை. அது எனக்கு வேணும். என் பழைய மெஷின் எண்ணெய் ஒழுகி ஒழுகி என் பூட்ஸ் ஊறிக் கிடக்கு. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவையாவது புதுசைத் தொட வேண்டாமா? மாமனார் வீட்டு ஞாயித்துக்கிழமை விருந்துல, அது எனக்குத்தான்னு வேற சொல்லிட்டு வந்துட்டேன்.

வியாழக்கிழமை ஒலீவோ முதலாளி எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டார். அவருக்கு விக்கத் தெரியும், கடையத் தெரியாது.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு வண்டி வருது. பத்து மூடி கேட்டாங்க. ஒம்போது தேறியிருக்கு, ஒம்போதும் ஜுசாரா போட்டது. மிச்சம் இருக்கறது ஒரே ஒரு அலுமினியக் கட்டை. பத்து இல்லைன்னா ஒண்ணுகூட வேண்டாம்னுட்டாங்க, ஆர்டர் வேற கம்பெனிக்குப் போயிடும். அடெமிர், காலை ஷிப்ட் உன்னுது, சீனியரும் நீதான். அது பாஸ் ஆனா புது மெஷின் உனக்கு. ஃபெயில் ஆனா ஜுசாராவுக்கு. சரியா?"

மூணு வாரமா என்னுது ஒண்ணுகூடத் தேறலை. ஆனா வாய் சும்மா இருக்குமா? "கண்ணை மூடிக்கிட்டு முடிச்சுடறேன் முதலாளி"ன்னுச்சு.

வெள்ளிக்கிழமை காலையில அந்தக் கட்டையை ஏத்தினேன். மேல்பக்கமெல்லாம் ஏற்கெனவே கடைஞ்சு முடிச்சாச்சு, ஓட்டை மட்டும்தான் பாக்கி. எதுக்கும் இருக்கட்டும்னு அதை அமுக்கிப் பிடிக்கற நாலு கிளாம்பையும் பைப் போட்டு இன்னொரு சுத்து இறுக்கினேன். சிலுவைக் குறி போட்டுக்கிட்டுப் பச்சைப் பொத்தான்கிட்ட விரலைக் கொண்டு போனேன்.

"நில்லுடா!"

பின்னால ஜுசாரா. அவ ஷிப்டுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கு.

"உனக்கு என்ன இங்க வேலை? நான் தோத்தா உனக்குத்தானே லாபம்?"

"லாபமா? ஆர்டர் போச்சுன்னா அந்தப் புது மெஷின்ல எதைக் கடையறது, என் தலையையா? தள்ளு."

பையிலேருந்து, ஒரு மைக்ரான் நகர்ந்தாலும் ஒரு கோடு காட்டற ஊசி டயலை எடுத்து மூடி ஓரத்துல முட்டக் கொடுத்து வச்சா. ஊசியைப் பூஜ்யத்துக்குத் திருப்பினா. ஸ்பானரை என் கையில திணிச்சா.

"இப்போ கழட்டு. ஊசியைப் பார்த்துக்கிட்டே கழட்டு."

மொதல் கிளாம்ப் தளர்ந்துச்சு. ஊசி அஞ்சு கோடு நகர்ந்துச்சு. ரெண்டாவது, பதினஞ்சு. நாலாவதைக் கழட்டி முடிக்கறப்போ நாப்பதைத் தாண்டிப் போய் நின்னுச்சு.

அட கடவுளே! இத்தனை நாளும் நான் மூடியைப் பிடிக்கலை, வளைச்சிருக்கேன். வளைஞ்ச மூடியில ஓட்டையைச் சரியாத்தான் போட்டிருக்கேன். கழட்டினதும் அது பழையபடி நிமிர்ந்துக்குது, ஓட்டையும் கூடவே போயிடுது. மெஷின்ல எட்டு, ரூம்ல நாப்பத்தாறு. அக்கா ஒரு தப்பும் பண்ணலை. எனக்கு வெக்கமாப் போச்சு.

"இது உன் டிராக்டர் இரும்பு இல்லை"ன்னா ஜுசாரா. "மூணு வாரமா சொல்ல வர்றேன், காதுலயே வாங்க மாட்டேங்கற."

"நீ ஏதோ சொன்னே. நான் சிரிச்சேன்."

"நல்லாவே சிரிச்சே. இப்போ ஊசி ஆடாத அளவுக்கு மட்டும் பிடி. பைப்பைத் தூக்கிப் போடு, ரெண்டு விரல் போதும்."

"ஜாப் பறந்து வந்து என் பல்லை உடைச்சிடும்டி!"

"மெதுவா டிரில் பண்ணு, பறக்காது. பறந்தா நானே பல்லு கட்டித் தர்றேன்."

ரெண்டு விரலால இறுக்கினேன். ஊசி இம்மி அசைஞ்சாலும் விட்டுட்டு மறுபடி. வேர்த்துக் கொட்டிடுச்சு, அந்தக் குளிர்ல. பொத்தானை அமுக்கிட்டுத் தூணுக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டேன், வெக்கத்தை விட்டுச் சொல்றேன். ஜாப் பறக்கலை.

ரெண்டு மணி நேரம் ஜாப் அளவு ரூம்ல கிடந்துச்சு, நான் கதவுக்கு வெளியே கிடந்தேன். முதலாளி வந்தார். ஜுசாரா வந்தா. கிளேசி அக்கா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி போட்டுப் பார்த்தாங்க.

"ஒம்போது."

"நாப்பத்தொம்பதா?"

"ஒம்போதுப்பா! வெறும் ஒம்போது!"

முதலாளி என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். "சொன்ன சொல் சொன்னதுதான். மெஷின் உன்னுது!"ன்னு மார்க்கரை எடுத்துக்கிட்டு, என் பேரை எழுதப் புது மெஷினுக்குக் கிளம்பிட்டார். நாங்க எல்லாரும் பின்னாலயே போனோம். ஜுசாராவும் கை தட்டினா. ஒரு வார்த்தை சொல்லலை அவ. சொல்லியிருந்தா, சண்டை போட்டிருந்தா, நான் பாட்டுக்கு மெஷினை வாங்கிக்கிட்டிருப்பேன்.

முதலாளி உறை மேல மார்க்கரை வச்சார்.

"முதலாளி, நில்லுங்க. ஸ்பானரைப் பிடிச்சதுதான் நான். எப்படிப் பிடிக்கணும்னு காட்டினது இவ. இவ வரலைன்னா இதுவும் குப்பைதான். இவ பேரை எழுதுங்க."

"நிஜமாத்தான் சொல்றியா?"ன்னு கேட்டா ஜுசாரா. அவ குரலே மாறிப் போச்சு.

"சீக்கிரம் எழுதச் சொல்லு, மனசு மாறிடப் போகுது."

முதலாளி எழுத ஆரம்பிச்சார். வயிறு எரிஞ்சுது, பொய் சொல்ல மாட்டேன். எங்க எழுத்துல அவ பேருக்கு ஏழு எழுத்து. ஏழாவதும் எழுதி முடியற வரைக்கும், வாயை இறுக்க மூடிக்கிட்டு அங்கேயே நின்னேன்.