குஞ்சம்மாளின் இடது கை

"சின்னம்மா, உன் கை யாரக் கூப்புடுது?"

குழாயடியில் பக்கத்து வீட்டுக் குழந்தை ஒருநாள் இப்படிக் கேட்டது. குஞ்சம்மாள் குனிந்து பார்த்தாள். இடது கை விரல்கள், தூரத்தில் போகிற யாரையோ கூப்பிடுவதுபோல் தாமாக அசைந்துகொண்டிருந்தன.

"யாரையும் இல்ல கண்ணு" என்று கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். கூப்பிட அவளுக்கு யார் இருந்தார்கள்? புருஷன் செத்து வருஷம் பல ஆகிவிட்டது. பிள்ளை இல்லை. நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கூரை வீடு, யாராவது நடவுக்கோ கிழங்கு பிடுங்கவோ அழைத்தால் கூலி. அவ்வளவுதான்.

கை மட்டும் என்றால் பரவாயில்லை. வலது காலிலிருந்து செருப்பு கழன்றதே தெரியாமல் பாதி வழி நடந்து வந்தாள். நடவில் அவள் ஊன்றிய நாற்று நிற்காமல் மிதந்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் முட்டியைத் தட்டிப் பார்த்தார்கள், ஊசியால் குத்திப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். "நரம்புல ஏதோ இருக்கும்மா. என்னன்னு இப்பச் சொல்ல முடியாது. சேலத்து டாக்டர் பார்க்கணும். போன் வரும், அப்ப வாங்க" என்றார்கள்.

அன்றிலிருந்து போனை இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தாள். "இன்னா வியாதி?" என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு பேர்கூட அவளிடம் இல்லை. பேர் இருந்தால் அதைச் சொல்லியாவது அழலாம்.

ஆடி வெள்ளி, அம்மனுக்குக் கூழ் வார்க்கிற நாள். உடுக்கைச் சத்தம் ஏற ஏற அவளுக்குத் தலை சுற்றியது. கை முன்னைவிட வேகமாக உதறியது. கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆத்தா வந்துட்டாடி!" என்று யாரோ கத்தினார்கள். மஞ்சத்தண்ணி தலையில் விழுந்தது. கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். கை உதற உதற இலையும் உதறியது. பார்க்கிறவர்களுக்கு வேறு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை.

தைலம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து விழுந்து கும்பிட்டாள். அவளுடைய ஒரே மகன் சடையன் போன தை மாசம் சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவன். "தாயே, எம்புள்ள வருவானா? ஒரு வார்த்த சொல்லு."

எல்லாரும் குஞ்சம்மாளின் வாயையே பார்த்தார்கள். அவளிடம் யாரும் இத்தனை நெருங்கி உட்கார்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. 'வருவான்' என்ற ஒரு சொல் போதும். நாளையிலிருந்து அவள் வாசலில் ஆள் நிற்கும். ஒதுங்கிப் போகிறவர்கள் காலில் விழுவார்கள். சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தைலம்மாளின் கண்ணைப் பார்த்துக்கொண்டு, தெரியாததைத் தெரியும் என்று அம்மன் பேரில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"ஆத்தா இல்லக்கா. எனக்கு ஒடம்புதான் சரியில்ல."

உடுக்கை நின்றது. "வந்த ஆத்தாளயே தொரத்திட்டாளே, இவ இன்னா பொம்பள!" என்றாள் அதே தெரு ரங்கம்மாள். கூட்டம் கூழ்ப்பானைப் பக்கம் திரும்பியது. ஈரப் புடவையோடு குஞ்சம்மாள் வேப்பமரத்தைப் பிடித்துத் தானாகவே எழுந்தாள்.

அப்புறம் குழாயடியில் பேச்சும் கம்மியாயிற்று. ஒருநாள் குடம் இடுப்பிலிருந்து நழுவிக் கவிழ்ந்தது.

"பாரு, அவகிட்ட தண்ணிகூட நிக்கல" என்று ரங்கம்மாள் சிரித்தாள். குஞ்சம்மாள் காலிக் குடத்தைக் கொண்டுவந்து வாசலிலேயே வைத்துவிட்டுப் படுத்தாள்.

காலையில் கதவைத் திறந்தால் குடம் நிறைந்திருந்தது. அடுத்த நாளும் அப்படியே. யாரென்று தெருவில் கேட்க அவளுக்குக் கூச்சம். ஒருநாள் விடியுமுன்னே எழுந்து பார்த்தாள். ஆளைக் காணோம். ஆனால் புழுதியில் தண்ணீர் சொட்டிய தடம் காயாமல் கிடந்தது. இரண்டு குடம் தூக்கி வந்தவள் ஒன்றை இங்கே இறக்கிவிட்டுப் போயிருக்கிறாள். மற்றக் குடத்தின் சொட்டு தெருவைத் தாண்டித் தைலம்மாள் வாசலில் போய் முடிந்தது.

ஒரு வார்த்தை கேட்டு அதுவும் கிடைக்காமல் எழுந்துபோனவள்!

அன்று தைலம்மாளே எதிரில் வந்தாள். "இன்னா குஞ்சு, போன் வந்துச்சா?"

"இன்னும் இல்லக்கா. சடையன்கிட்டருந்து?"

"வர்ல. பாத்துக்கினுதான் கீறேன்."

தண்ணீரைப் பற்றி அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. வெள்ளிமலையில் சடையனைப் பார்த்ததாக யாரோ சொல்ல, தைலம்மாள் மலைக்குப் பஸ் ஏறினாள். "வெள்ளிக்கெழம சாயந்தரத்துக்குள்ள வந்துருவேன். வெளக்குப் போடணும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். மகன் வரும்வரை வெள்ளி தவறாமல் அம்மனுக்கு விளக்கேற்றுவதாக அவளுக்கு வேண்டுதல்.

வெள்ளியன்று மழை விடவில்லை. மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் இறங்கவில்லை என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

பொழுது சாய்ந்தது. குஞ்சம்மாள் அகலும் எண்ணெயும் திரியும் தீப்பெட்டியும் மடியில் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துக் கோயிலுக்கு வந்தாள். மழைக்குப் பயந்து ஒருவரும் வந்திருக்கவில்லை. தீப்பெட்டி பிடித்த கை ஆடியதில் ஒவ்வொரு குச்சியும் அணைந்தது. கடைசியில் இடது முழங்கையைப் படிக்கல்லில் ஊன்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் சாய்த்துக் கையை அடக்கினாள். திரி பிடித்தது.

"தாயே, இது தைலம்மா வெளக்கு. அவ போட்டதா வச்சுக்கோ."

தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

அகலைச் சுற்றிக் கல்லெல்லாம் எண்ணெய் சிந்தியிருந்தது. ஊரில் இப்படிச் சிந்துகிற கை ஒன்றுதான். குஞ்சம்மாள் அதை முந்தானையால் சொட்டு மிச்சமில்லாமல் துடைத்துவிட்டு மழையில் இறங்கினாள்.