அத்திப்பட்டுப் புகை

ராணிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மேலும் கீழுமாக இரண்டு அடுக்குச் சிறகு, துணி போர்த்திய உடம்பு. பிரேக்கும் கிடையாது, ரேடியோவும் கிடையாது. எங்கள் பிளையிங் கிளப்பில் ஓடுகிற ஒரே விமானம் அவள்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில் கீழ்ச்சிறகு மாற்றியது, எண்பத்திரண்டில் என்ஜின் மாற்றியது, பதினெட்டு வருஷம் ஷெட்டில் தூங்கியது, பிறகு நான் துணி மாற்றி எழுப்பியது என்று எல்லாம் அவளுடைய லாக் புக்கில் இருக்கிறது. என் உடம்புக்குக்கூட இத்தனை ஒழுங்காக யாரும் குறிப்பு எழுதியதில்லை.

நான் அம்புரோஸ், மெக்கானிக். எண்ணூர் உப்பளத்தை ஒட்டிய அந்த ஓடுதளத்துக்கு ராயபுரத்திலிருந்து இருபத்திரண்டு வருஷமாகப் போய்வருகிறேன்.

விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் என்று காட்ட, கம்பத்தில் ஒரு துணிப்பை பறக்க வேண்டும். எங்கள் பை ஒரு புயலில் கிழிந்து போனது, யாரும் கவலைப்படவில்லை. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி கண்ணுக்கு எதிரே நிற்கும்போது பை எதற்கு? எல்லோரும் புகையைப் பார்த்தே இறங்கினார்கள். நானும் தினம் காலையில் லாக் புக்கில் 'காற்றுப்பை சரி' என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். கை அது பாட்டுக்குப் போட்டது.

அந்த வியாழக்கிழமை ஜெரி ஏறினான். ஒரே தெருவில் பிறந்து, ஒரே கோயிலில் பூசை பார்த்து வளர்ந்த தோஸ்து. லைசென்ஸைப் புதுப்பிக்க அவனுக்கு இன்னும் ஒரு மணி நேரப் பறப்பு பாக்கி இருந்தது. லைசென்ஸ் போனால் அவனுக்கு வாழ்க்கையில் வேறு ஒன்றுமில்லை. மனைவி ஆலிஸ் இறந்த பிறகு அவன் சிரித்ததே அந்த சீட்டில்தான்.

பதினொன்றரைக்கு வியர்த்திருந்த என் முதுகு சட்டென்று குளிர்ந்தது. கடல்காற்று வீச ஆரம்பித்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். உயரத்தில் அத்திப்பட்டுப் புகை இன்னும் கடலைப் பார்த்தே போய்க்கொண்டிருந்தது. மேலே ஒரு காற்று, கீழே நேர் எதிராக இன்னொரு காற்று. ஜெரி புகையை நம்பித் திரும்பிக்கொண்டிருந்தான். காற்று அவன் முதுகில் தள்ளப்போகிறது, ராணி நிற்க மாட்டாள்.

சட்டையைக் கழற்றி ஆட்டிக்கொண்டே ஓடினேன். அவன் குனிந்து பார்த்தான். சிரித்துக்கொண்டே எனக்குக் கை ஆட்டினான்.

சக்கரம் தரையைத் தொட்டது. வேகம் குறையவே இல்லை. ஓடுதளம் முடிந்தும் ஓடி, உப்பள வரப்பில் முட்டி, ராணி தலைகுப்புறக் கவிழ்ந்தாள். ஜெரிக்கு இடுப்பும் காலும் முறிந்தன. உயிர் இருந்தது, கடவுள் புண்ணியம்.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் திரும்பியபோது கம்பத்தில் ஆரஞ்சு நிறத்தில் புதுப் பை பறந்துகொண்டிருந்தது. அன்று காலையிலேயே கட்டிவிட்டதாகச் கிளப் செகரட்டரி எத்திராஜ் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் எதை வைத்துப் பேசுவது?

மறுநாள் விசாரணை அதிகாரி லாக் புக்கை முதலிலிருந்து புரட்டினார். இவ்வளவு சுத்தமான புத்தகத்தைப் பார்த்ததில்லை என்றார். விமானத்தில் குறையில்லை, தளத்தில் குறையில்லை, ஆகவே விமானி தவறு. நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் ஜன்னல் வழியே பையைப் பார்த்தார். பிறகு வியாழக்கிழமைப் பக்கத்தை என் பக்கம் திருப்பினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

ஆமாம் என்றேன். நண்பனைக் காப்பாற்ற நினைப்பது புரிகிறது என்று அன்பாகவே சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் ஜெரியைப் பார்க்கப் போனேன். செகரட்டரி எனக்கு முன்பே வந்து போயிருந்தார். ஜெரி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"காலைல புச்சா பை கட்னாங்களாமே மாமு. நான் பாக்கவே இல்ல. கண்ணு போய்ட்ச்சு எனக்கு."

"பையே இல்ல ஜெரி. கம்பம் மொட்டையா நின்னுகினு இருந்துச்சு. நான்தான் பொய்யா டிக் போட்டேன்."

அவன் என் கையைத் தேடிப் பிடித்து லேசாகத் தட்டினான்.

"எனுக்காவ பொய் சொல்லாத மாமு. இனிமே நான் பறக்கக் கூடாது."