வெறும் நிலத்துக்குத் தண்ணீர்

சோபனா மோட்டார் கொட்டகைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பில் நின்றாள். கீழ்வயலில் அவள் கணவனின் அண்ணன் சின்னராஜ் களைக்கொல்லி அடித்து முடித்து, முதுகிலிருந்த டேங்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். இந்த முறை நாற்று விடாமல் நேரடியாக விதைத்த நெல். நெல்லும் புல்லும் ஒன்றாகவே முளைத்துத் தோளுக்குத் தோள் நின்றன. புல்லில் மருந்து நன்றாகப் படட்டும் என்று வயல் தண்ணீரை வடித்திருந்தார். மருந்து ஒரு நாள் இலையில் இருக்க வேண்டும். அதற்குப் பின் சுருக்காகத் தண்ணீர் கட்டாவிட்டால் புல் திரும்பத் தலையெடுக்கும். ஆனால் பங்குக் கிணற்றில் அவருடைய வாரம் இன்றோடு முடிகிறது, நாளையிலிருந்து சோபனாவின் முறை. மழை விட்டு மருந்தடிக்க இன்றுதான் அவருக்கு வாய்த்தது.

அவர் கவலைப்படவில்லை. அந்தக் குடும்பத்தில் முறை மாற்றிக் கேட்டு யாரும் மறுத்ததில்லை.

"நாளான்னைக்கு மொறைய எனக்கு வுட்டுடும்மா. அடுத்த வாரம் நீங்க எடுத்துக்கங்க."

போன வருடம் இதே வரப்பில் நின்று அவள் கெஞ்சினாள். காற்று தக்காளிப் பக்கம் அடிக்கிறது, தணிந்ததும் அடியுங்கள் என்றாள். அவர் கேட்கவில்லை. வரப்புப் புல்லுக்கு அடித்த மருந்து பறந்து வந்து, காய் பிடித்திருந்த செடியெல்லாம் இலை சுருண்டு போயின. பாப்பாரப்பட்டி சந்தைக்கு ஒரு கூடைகூடப் போகவில்லை. நியாயம் கேட்டதற்கு, "காத்துக்கு நான் என்னம்மா பண்றது" என்றார், பல் குத்திக்கொண்டே. செடி போனதைவிட அந்தப் பல்குத்தல்தான் அவளுக்கு ஆறவே இல்லை.

"மொறைக்கு நான் என்ன மாமா பண்றது?" என்றாள்.

அவர் முகம் செத்துப்போனதைப் பார்த்து அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

மறுநாளே மோட்டாரைப் போட்டு, தக்காளிக்குப் பின் ஒன்றும் வைக்காமல் கிடந்த தன் மேட்டு நிலத்துக்கு மடை திறந்தாள். அவள் கணவன் வீரமணி ஓடிவந்தான்.

"வெறும் நெலத்துக்கு என்னாத்துக்குத் தண்ணி வுடற? கெணறு வத்திட்டா நமக்கும் இல்ல."

"இல்லாம போவட்டும்."

அவள் வாரம் முடிவதற்குள் கீழ்வயலில் புல் நெல்லை அமுக்கிவிட்டது. சின்னராஜின் மனைவி கலைமணி குந்தியபடி பிடுங்கிக்கொண்டிருந்தாள். வரிசை இல்லாத வயல். கால் வைத்த இடமெல்லாம் நெல் மிதிபட்டது. போன வருடம் சுருண்ட தக்காளியைப் பார்த்துச் சோபனாவோடு சேர்ந்து அழுதவள் அவள் ஒருத்திதான். சோபனாவுக்கு அது நினைவுக்கு வந்தது, வந்ததற்காகக் கோபமும் வந்தது.

கலைமணி தலை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி குனிந்து புல்லைப் பிடுங்கினாள்.

சோபனா திரும்பினாள். நனைந்த வெறும் நிலத்தில் புல் பச்சைப்பசேலென்று முளைத்திருந்தது. மண்வெட்டியை எடுத்து அதன்மேலேயே அடுத்த மடையைத் திறந்துவிட்டாள்.