சம்பந்தி வீட்டுக்குப் போகும் வழியில்

தமியானா நிமிடத்துக்கு அறுபது காது செய்வாள். மாவைக் கயிறாக உருட்டி, மொட்டைக் கத்தியால் நறுக்கி, நறுக்கிய வேகத்திலேயே பலகையில் இழுத்து, கட்டைவிரல் நுனியில் கவிழ்த்துவிட்டால், அது சின்னக் காது மாதிரிக் குழிந்து தட்டில் விழும். ஒரெக்கியெத்தே என்று பெயர். பாரி நகரத்தில் பாஸ்தா என்றாலே அதுதான். பழைய பாரியின் கல் பாவிய சந்தில், வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தாளானால், எதிர்வீட்டுக்காரியோடு வம்பு பேசிக்கொண்டே மத்தியானத்துக்குள் ஐந்து கிலோ மாவைத் தீர்த்துவிடுவாள். தன் கை அறியாத பாஸ்தா ஒன்று உலகத்தில் இருக்கக்கூடும் என்று ஐம்பத்து நாலு வயது வரை அவளுக்குத் தோன்றியதில்லை. யாராவது சொன்னாலும், "அதெல்லாம் மிஷின்ல போடுறது" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவாள்.

அப்படிப்பட்டவள் ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், புருஷன் சபீனோவின் பழைய காரில் ஏறி, சிசிலித் தீவின் அந்தக் கோடியில் இருக்கும் திராபனிக்குக் கிளம்பினாள். மகள் லொரெதானா பலெர்மோவில் நர்ஸ். திராபனி உப்பளத்தில் வேலை பார்க்கும் பால்தோ என்கிற பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்குப் பையன் வீட்டில் அவன் அம்மா நின்ஃபா கையால் சாப்பாடு. இரண்டு குடும்பமும் முதல் தடவையாகப் பார்த்துப் பேசி, கல்யாணத் தேதி குறிக்க வேண்டும்.

மகள் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "அம்மா, ஒரு மணின்னா ஒரு மணி. நின்ஃபா அத்தை உலையில தண்ணி வெச்சுட்டா, ராஜாவே வந்தாலும் காத்துட்டு நிக்க மாட்டாங்க."

"நான் மட்டும் நிப்பேனா? வெந்த பாஸ்தா யாருக்காகவும் காத்திருக்காதுடி. எனக்கே பாடம் எடுக்குற!"

கார் டிக்கியில் மூன்று தட்டு காது, வெள்ளைத் துணி போர்த்தி. போகிற இடத்தில் கடைச் சரக்கைப் போட்டு அவமானப்படுத்திவிட்டால் என்ன செய்வது என்று தானே செய்து எடுத்துக்கொண்டாள்.

சபீனோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதையும் ஆடாமல் அசையாமல் இறக்கிவைத்துப் பழகிய மனுஷன். எந்த ஊரில் எத்தனை மணிக்கு, எங்கே பெட்ரோல், எங்கே காபி என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டியிருந்தார். சாயங்காலத்துக்குள் கடலைத் தாண்டி மெஸ்ஸினாவில் ராத் தங்கல் என்பது திட்டம். திட்டப்படி காலை எட்டரைக்கு மத்தேராவில் காபி.

காபி வந்தது. தமியானாவைத்தான் காணவில்லை.

அவள் நாலு கடை தள்ளி, ஒரு சாப்பாட்டுக் கடையின் ஜன்னலோரம் நின்றிருந்தாள். உள்ளே ஒரு பருத்த பெண், விரல் நீளத்துக்கு நறுக்கிய மாவுத் துண்டின்மேல் மூன்று விரலை வைத்து, ஒரே இழுப்பில் இழுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துண்டிலும் வரிசையாக மூன்று குழி விழுந்தது. அதே மஞ்சள் ரவை மாவு, அதே தண்ணீர். ஆனால் கத்தியே இல்லை.

 சந்தையில் தன் முகத்தையே இன்னொருத்தியிடம் பார்த்துவிட்டவள்போல் தமியானா ஜன்னலைத் தட்டினாள்.

"ஏம்மா, உங்க வீட்டுல கத்தி இல்லையா?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆண்டவன் பத்து குடுத்திருக்கானே, போதாதா? நீ எந்த ஊரு?"

"பாரி."

"ஓ, காது அறுக்குற ஊரா! உள்ள வா, கையக் கழுவு."

சபீனோ தேடிக் கண்டுபிடித்து வந்தபோது, அவர் மனைவி நல்ல நீலச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, மாவில் மூன்று விரல் பதித்துக்கொண்டிருந்தாள்.

"தமியானா, மணி ஒம்பதே கால்!"

"யோவ், இங்க வந்து பாருய்யா! மூணு குழி! ஒவ்வொரு குழியிலயும் குழம்பு நிக்கும்ல? நம்ம காதுல ஒண்ணுதானே?"

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். கிளம்பும்போது பதினொன்று. ஒரு தட்டு காதை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுத்தான் தமியானா வண்டியேறினாள். அந்தப் பெண் வாசல்வரை வந்து, அவள் காதோடு ஒரு சேதி சொல்லி அனுப்பினாள்.

அந்தச் சேதியை தமியானா இருநூறு கிலோமீட்டர் வரைக்கும் அடக்கிவைத்திருந்தாள். அதற்குமேல் முடியவில்லை.

"சபீனோ, கலாப்ரியாவுல வீபோன்னு ஒரு ஊர் வருமாமே?"

"வரும். நமக்கென்ன?"

"அங்க இரும்புக் கம்பில சுத்துவாங்களாம்யா. கம்பில! சும்மா ஒரு எட்டு பாத்துட்டு ஓடிவந்துடுறேன்."

"நாம பொண்ணு விஷயமாப் போறோமா, பாஸ்தா வேட்டைக்குப் போறோமா?"

"பொண்ணு விஷயம் நாளைக்கு. இன்னிக்கு சனிக்கிழமைதானே?"

முப்பது வருஷத்தில் சபீனோ கற்றுக்கொண்ட ஒரே பாடம், இந்தக் குரலுக்குப் பிறகு வாதாடுவது வீண் என்பது. இண்டிகேட்டரைப் போட்டார்.

வீபோவில் வெயிலுக்குக் கடையெல்லாம் சாத்திக் கிடந்தது. தெருவில் எதிர்ப்பட்ட முதல் ஆளிடமே கேட்டாள். அவன் புரூனா வீட்டைக் காட்டினான். புரூனாவுக்கு நாற்பது வயதிருக்கும். தபால் ஆபீஸில் வேலை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்காக வாராவாரம் சனிக்கிழமை மாவு பிசைகிறவள். முன்பின் தெரியாத ஒருத்தி வாசலில் நின்று, "உங்க கம்பிய ஒரு தடவை பாத்துக்கலாமா?" என்று கேட்டதும் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

குடைக் கம்பி மாதிரி மெல்லிய ஒரு கம்பி. சுண்டுவிரல் அளவு மாவின்மேல் அதை அழுத்தி, உள்ளங்கையால் ஒரு உருட்டு. கம்பியை உருவினால், முறுக்கிய குழாய் ஒன்று பலகையில் கிடந்தது. பிலேயா என்றாள் புரூனா.

தமியானா உட்கார்ந்தாள். உருட்டினாள். மாவு கம்பியோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. மறுபடி உருட்டினாள். மறுபடி ஒட்டியது.

"அக்கா, அந்த மாவு உங்களுக்கு என்ன துரோகம் பண்ணிச்சு? இப்படிப் போட்டு நசுக்குறீங்க!" என்றாள் புரூனா.

"எங்க ஊருல அழுத்தணும்டி! அழுத்தலேன்னா காது குழியாது."

"இங்க அழுத்தக் கூடாது. தூங்குற குழந்தைய நகத்துற மாதிரி நகத்துங்க."

மூன்று மணி நேரம் ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. பாரியில் அவள் மேசையைச் சுற்றி ஆட்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இங்கே புரூனாவின் கடைக்குட்டிப் பெண், எட்டு வயசு, பக்கத்தில் நின்று நமுட்டுச் சிரிப்பு சிரித்தது. வெட்கப்பட வேண்டிய நேரத்தில் தமியானாவுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம் பொங்கியது. ஏழு வயதில் முதல் காது செய்த நாளுக்குப் பிறகு, மாவு அவளை ஏமாற்றியதே இல்லை. இன்று ஏமாற்றுகிறது! நாற்பத்து ஏழு வருஷம் கூடவே குடித்தனம் பண்ணிய மாவுக்குள் இத்தனை தந்திரம் ஒளிந்திருக்கிறதா?

ஆறு மணிக்கு முதல் குழாய் கம்பியிலிருந்து முழுசாக வழுக்கி வந்தது. அவள் போட்ட கூச்சலில், மாடியில் தூங்கிக்கொண்டிருந்த புரூனாவின் புருஷன் செருப்பில்லாமல் இறங்கி ஓடிவந்தான்.

அதற்குமேல் எங்கே போவது? பன்றி இறைச்சிக் குழம்பு ஊற்றிச் சாப்பிட வைத்து, அங்கேயே படுக்கவும் வைத்தார்கள். மிச்சமிருந்த இரண்டு தட்டு காதும் புரூனாவின் சமையலறையில் தங்கிவிட்டது. காலையில் ஆறு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. ஆனால் புரூனா விடிகாலையிலேயே புதுமாவு பிசைந்து வைத்திருந்தாள். அதைப் பார்த்த பிறகு தமியானாவின் கை சும்மா இருக்குமா? ஒன்பதரை ஆகிவிட்டது. கப்பல் துறையிலோ கடலோர வெள்ளிக்கிழமைச் சந்தைபோல வண்டி வரிசை. இரண்டு கப்பல் அவர்கள் கண் முன்னாலேயே நிரம்பிப் போயிற்று.

ஒரு மணிக்கு மெஸ்ஸினாவைத் தாண்டி அவர்கள் நூறு கிலோமீட்டர்கூடப் போயிருக்கவில்லை. தமியானா போன் போட்டாள். மறுமுனையில் மகள் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை.

"அத்தை தண்ணிய இறக்கி வெச்சுட்டாங்கம்மா," என்றாள் சன்னமாக. "ஒண்ணும் சொல்லல. எல்லாருக்கும் ரொட்டியும் சீஸும் எடுத்து வெச்சாங்க." அதோடு போனை வைத்துவிட்டாள்.

 தமியானா நகக்கணுவில் காய்ந்திருந்த மாவைச் சுரண்டிக்கொண்டே வந்தாள். சபீனோ ஏதாவது திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை.  "நேத்து நீ கத்தின கத்துல, நம்ம லொரெதானா பொறந்தன்னிக்கு நான் கத்தினது ஞாபகம் வந்துச்சு," என்றார். அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

திராபனிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து ஆகப் பத்து நிமிஷம்.

நின்ஃபா ஒல்லியான பெண்மணி. முதுகு குச்சி மாதிரி நேராக இருந்தது. கதவைத் திறந்து, தமியானாவின் சட்டை முழுக்கத் திட்டுத்திட்டாகப் படிந்திருந்த மாவை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

"வாங்க. காபி குடிப்பீங்கல்ல? சாப்பாட்டு நேரந்தான் போயிடுச்சே."

உள்ளே போய் எல்லோரும் உட்கார்ந்தார்கள்.  லொரெதானா அம்மாவின் கைப்பையை எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, காது எங்க?"

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"வழியில."

வெறுங்கையோடு வந்தோமே என்று கைப்பையைத் துழாவியவளுக்கு, புரூனா கட்டிக்கொடுத்த பொட்டலம்தான் அகப்பட்டது. அதையே எடுத்து மேசையில் வைத்துவிட்டாள். நின்ஃபா பிரித்துப் பார்த்தாள். உள்ளே ஒரு கம்பியும் ஒரு பிடி பிலேயாவும்.

"இது கலாப்ரியாக்காரங்க பாஸ்தா," என்றாள் நின்ஃபா மெதுவாக. "பாரியிலேருந்து என் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வர்றவங்க, கலாப்ரியாக்காரி பாஸ்தாவத் தூக்கிட்டு வர்றீங்க."

பால்தோ தரையைப் பார்த்தான். சபீனோ கூரையைப் பார்த்தார்.

தமியானா எழுந்து நின்றாள். சாக்குச் சொல்லத்தான் நினைத்தாள். டயர் பஞ்சர், கப்பல் தாமதம். வாயைத் திறந்தால் உண்மைதான் வந்தது.

"சம்பந்தி, தப்பு முழுக்க என்னுது. இந்த மனுஷன் மேல ஒரு பாவமும் இல்ல. எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு பாஸ்தா. அதுதான் உலகம்னு இருந்துட்டேன். மத்தேராவுல ஒருத்தி மூணு விரலால குழி போடுறா. வீபோவுல ஒருத்தி கம்பிய இப்படி வெச்சு, அழுத்தாம, உள்ளங்கையால இப்படி..." சொல்லச் சொல்ல அவள் கை தானாக மேசைமேல் உருட்டிக் காட்டியது. "எனக்கு வரவே இல்ல, சம்பந்தி! மூணு மணி நேரம்! எட்டு வயசுப் புள்ள என்னப் பாத்துச் சிரிக்குது! அத விட்டுட்டு எந்திரிச்சு வர எனக்கு மனசு வரல. உங்கள உக்கார வெச்சுப் பட்டினி போட்டுட்டேன்."

நின்ஃபாவின் கண் அவள் முகத்தில் இல்லை. கையில் இருந்தது.

"கம்பிய நேரா வெச்சாளா, சாச்சு வெச்சாளா?"

"என்னது?"

"அந்தக் கலாப்ரியாக்காரி. மாவு மேல கம்பிய நேரா வெச்சாளா, சாச்சா?"

"சாச்சு. லேசா."

"துண்டு எவ்வளவு நீளம்?"

"சுண்டுவிரல் அளவு."

"அதான் பாத்தேன்," என்றாள் நின்ஃபா. எழுந்து உள்ளே போனவள், ஒரு பலகையும், ஈரத்துணி மூடிய மாவும், காய்ந்த புல் தண்டு ஒரு கட்டும் கொண்டுவந்தாள். மத்தியானம் உருட்டாமலே நின்றுபோன மாவு. "எங்க துண்டு ஒரு சாண் நீளம். உருட்டுறதுக்கு முன்னாடி தண்டச் சுத்திப் படரவிடணும், கொடி மாதிரி. புசியாத்தேன்னு சொல்லுவோம். இரும்பெல்லாம் எதுக்கு? புல்லே போதும். உக்காருங்க. அந்தச் சட்டைதான் ஏற்கெனவே பாழாப் போச்சே."

தமியானா உட்கார்ந்தாள். மாவுக் கயிறு தண்டைச் சுற்றிப் படர்ந்தது. தூங்குகிற குழந்தையை நகர்த்துவதுபோல உருட்டினாள். தண்டை உருவினாள். நீளமான சுருள் ஒன்று, பெண்பிள்ளையின் சுருட்டை முடி மாதிரி, பலகையில் துள்ளி விழுந்தது.

"வந்துருச்சு! சபீனோ, மொதல் தடவையிலயே வந்துருச்சுய்யா!"

"பக்கத்து வீட்டுக்காரங்க போலீஸக் கூப்பிடப் போறாங்க," என்றாள் நின்ஃபா. ஆனால் உதட்டோரம் லேசாக அசைந்தது. "சரி, உங்க காதக் காட்டுங்க. என்னமோ பெருசா சொல்றா உங்க பொண்ணு."

ஒரு மொட்டைக் கத்தி வந்தது. தமியானாவின் கை பறந்தது. பத்து, இருபது, முப்பது காது. பால்தோ வாய் பிளந்து நின்றான். நின்ஃபா கத்தியை வாங்கி, ஒரு துண்டை இழுத்தாள். கிழிந்தது. இன்னொன்று. அதுவும் கிழிந்தது. மூன்றாவதைக் கட்டைவிரலில் கவிழ்த்து நீட்டினாள்.

தமியானா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது நாய் கடிச்ச காது, சம்பந்தி."

லொரெதானா அம்மாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நின்ஃபா அந்தக் காதை உற்றுப் பார்த்தாள். பிறகு தோள் குலுங்கியது. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். பால்தோ தன் அம்மா அப்படிச் சிரித்துப் பார்த்து வருஷக்கணக்காயிற்று.

பாதாம், தக்காளி, பூண்டு, துளசி எல்லாம் கல்லுரலில் இடிபட்டன. ஏழு மணிக்குச் சுருளும் காதும் ஒரே தட்டில் கலந்து வந்தது. காதுக்குள் குழம்பு தேங்கியது, சுருளில் குழம்பு வழுக்கிப் பரவியது. எது உசத்தி என்று இரண்டு அம்மாக்களும் வாய் நிறைய வைத்துக்கொண்டே சண்டை போட்டார்கள். மாவு தளர்வா, இறுக்கமா, தண்ணீர் வெதுவெதுப்பா, பச்சையா என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று.

"அம்மா," என்றான் பால்தோ கடைசியில், "கல்யாணத் தேதி?"

"செப்டம்பர் ரெண்டாவது சனிக்கிழமை," என்றாள் நின்ஃபா.

"சரி," என்றாள் தமியானா.

அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. நின்ஃபா தட்டை நகர்த்திவிட்டு சபீனோ பக்கம் திரும்பினாள்.

"சம்பந்தி, அந்த வீபோ இங்கேருந்து எவ்வளவு தூரம்? கம்பியச் சாச்சு வெக்கிறாளாமே, அத நான் என் கண்ணால பாக்கணும்."

சபீனோ வாயைத் துடைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை காலை கார் கிளம்பியபோது முன் சீட்டில் நின்ஃபா உட்கார்ந்திருந்தாள். மடியில் புரூனாவுக்காக வெட்டிய புல் தண்டுக் கட்டு. அறுபது வயதில் முதல் தடவையாகக் கடல் தாண்டப் போகிறாள். கப்பலில் பயமாயிருக்குமா என்று பின் சீட்டிலிருந்த தமியானாவிடம் கேட்டாள்.  மத்தேராக்காரி மூன்று விரலை எப்படி வைத்தாள் என்று காட்டுவதற்காகத் தமியானா முன்னால் குனிந்து, நின்ஃபாவின் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.