தட்டு மாற்றும் நேரத்தில் அடங்கிய மைக்

பிள்ளையார்பாளையத்தில் குமாரசாமி முதலியார் வீட்டு விசேஷம் என்றால் தெருக்கோடி வரைக்கும் தெரிந்தாக வேண்டும். இதில் அவருக்குக் கூச்சம் கிடையாது. கோயிலில் பரிவட்டம் கட்டிக்கொள்ளும் குடும்பம் வாயை மூடிக்கொண்டு காரியம் செய்தால் ஊர் என்ன நினைக்கும்? ஆகவே மகள் கலாவதியின் நிச்சயதார்த்தத்துக்கு மைக்செட் வைப்பதில் அவருக்கு மறுப்பு இல்லை. அதைக் கட்டப் போகிறவன் தம் சொந்த மகன் என்பதுதான் உறுத்தியது.

அர்ஜுனன் தறியில் உட்கார்ந்தால் சுமாராக நெய்வான். கண்ணாயிரத்தின் சவுண்ட் சர்வீஸ் கடையில் உட்கார்ந்தால் சோற்றை மறப்பான். அந்த வருஷம், எழுபத்திரண்டு, வைகாசி கருட சேவைக்கு மெட்ராஸிலிருந்து ஓர் ஒலிப்பதிவாளர் வந்திருந்தார். ஏதோ படத்துக்காக நாதஸ்வரத்தையும் ஜனங்களின் இரைச்சலையும் பதிவு செய்துகொண்டு போக வந்தவர். அர்ஜுனன் அவர் பின்னால் வயரைத் தூக்கிக்கொண்டு அலைந்தான். கேள்வி கேட்டே அவரைத் திணற அடித்தான். போகும்போது அவர், ஒலிப்பதிவுத் தியேட்டரில் உதவியாள் இடம் ஒன்று காலியாகப் போகிறது, பிள்ளையார் சதுர்த்தி கழிந்ததும் வந்துவிடு, தாமதித்தால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பந்தக்கால் நட்ட அன்று, உறவுக்காரர்கள் கூடியிருக்கும்போது அர்ஜுனன் பேச்சை எடுத்தான்.

"சத்தம் புடிக்கிறது ஒரு வேலையாடா? காத்தைப் புடிக்கப் போறேன்னு சொல்லேன்," என்றார் குமாரசாமி.

"பாட்டு, பேச்சு, மழை பேயறது, குதிரை ஓடறது, எல்லாத்தையும் பதிவு பண்றது நைனா. கீழருந்து கத்துக்கினு வந்தா ரெகார்டிஸ்ட் ஆவலாம். படத்துல பேரு போடுவாங்க."

"பேரு போடுற நேரத்துல நாம இருட்டுல சீட்டு தேடிக்கினு இருப்போம் மாமா," என்றார் குப்புசாமி. அவர் குமாரசாமியின் மனைவி ரேணுகாம்பாளின் தம்பி. அக்கா வீட்டில் யாரையும் கிண்டல் செய்யலாம் என்ற உரிமை உள்ளவர். எல்லோரும் சிரித்தார்கள்.

குமாரசாமி சிரிக்கவில்லை. "கல்யாண வூட்டுல மைக்செட்காரனுக்குக் கடைசிப் பந்தி. இந்தக் குடும்பத்துல எவனும் கடைசிப் பந்தியில உக்காந்தது இல்ல. சரி, கேட்டுட்டே. நிச்சயதார்த்தத்துக்கு நீயே செட்டு கட்டு. ஒரு கீச்சு, ஒரு அடைப்பு இல்லாம முடிச்சுக் காட்டு, மெட்ராஸுக்குப் போ. செட்டு மக்கர் பண்ணுச்சுன்னா தறிக்குழியில எறங்கு. அப்புறம் இந்தப் பேச்சே வரக்கூடாது."

நாலு பேர் முன்னால் சொன்ன சொல். அதை அவராலும் மாற்ற முடியாது.

நிச்சயதார்த்தத்தன்று மொட்டைமாடியில் ஒரு ஹார்ன், தெருமுனை வேப்பமரத்தில் ஒரு ஹார்ன். கூடத்தில் குமாரசாமியின் முழங்கையை ஒட்டி மைக். கூடத்துக்கு அடுத்த அறையில் திரைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயரோடு அர்ஜுனன் உட்கார்ந்திருந்தான். அதே அறையில் கலாவதிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் அய்யம்பேட்டையிலிருந்து வந்து வெளியே பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள்.

குமாரசாமி லக்னப் பத்திரிகையைத் தாமே வாசித்தார். மைக்கில் பேசக் குரலை உயர்த்த வேண்டும் என்பது அவர் எண்ணம். அதனால் கிட்டத்தட்டக் கத்தினார். அர்ஜுனன் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் கொஞ்சம் இறக்கி அந்தக் கத்தலைக் கம்பீரமாக்கி அனுப்பினான். குழாயடியில் பெண்கள் குடத்தை வைத்துவிட்டு நின்று கேட்டார்கள்.

பிறகு மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த நிச்சயப் புடவைத் தட்டு உள்ளே வந்தது. அதைப் பெண் வீட்டுப் பெரியவர் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் பெண்ணிடம் போகும். நெசவுக்காரர் கை சும்மா தொடுமா? கூடத்தில் அப்போது குப்புசாமி மட்டும்தான் பக்கத்தில் இருந்தார். குமாரசாமி மடிப்பைப் பிரித்தார். உடலும் கரையும் சேருகிற கோர்வையில் விரலை ஓட்டினார். குரலைத் தாழ்த்தினார்.

"குப்பு, புடவையைப் பாரு."

இந்த மூன்று சொல்லும் தெரு முழுக்கக் கேட்டன. பந்தலில் மாப்பிள்ளையின் தாய் கங்கையம்மாள் பெருமையோடு பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள்.

அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கூடத்தில் குமாரசாமி பேசிக்கொண்டுதான் இருந்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் வாசலில் ஏறி வந்ததும் பேச்சை நிறுத்தி, எழுந்து தட்டை ஏந்தி, தம் முப்பாட்டன் பேர், பாட்டன் பேர், தகப்பன் பேர் சொல்லி, இந்த வம்சத்துப் பெண்ணைத் தருகிறோம் என்று முழங்கினார். ஹார்ன் ஊமையாக இருந்தது. "பெண்ணைத் தருகிறோம்" என்பது மட்டும் திடீரென்று தெருவில் விழுந்தது.

விருந்தினர் சாப்பிட்டுப் போகும் வரைக்கும் அவர் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. கடைசி வண்டி நகர்ந்ததும் மகனைக் கூப்பிட்டார். குப்புசாமியும், சாமானை எடுத்துப் போக வந்திருந்த கண்ணாயிரமும் நின்றிருந்தார்கள்.

"எங்க முப்பாட்டன் பேரை முழுங்கிட்டியேடா. இன்னா ஆச்சு உன் செட்டுக்கு?"

"என் தப்புதான் நைனா."

"செட்டு புதுசுங்க, அது மக்கர் பண்ணாதுங்களே..." என்று கண்ணாயிரம் ஆரம்பித்தார்.

அர்ஜுனன் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினான். "என் தப்புதாண்ணே."

"அப்படின்னா நாளைக்குத் தறியில உக்காரு."

"சரி நைனா."

அவன் வயரைச் சுருட்டப் போய்விட்டான். அவ்வளவு சுலபமாகச் 'சரி' சொன்னது குமாரசாமிக்குப் பிடிக்கவில்லை. தம் மகன் வாதாடாமல் எதையும் விட்டவனில்லை. கூடத்தில் யோசனையோடு நின்றவரிடம் கலாவதி வந்தாள். அந்தப் புடவையைத்தான் உடுத்தியிருந்தாள்.

"நைனா, கோர்வை பல்லை இளிக்குது, தறி தெரியாதவன் நெய்ஞ்சதுன்னு மாமாகிட்ட சொன்னீங்களே. இதை அவரே நெய்ஞ்சாராம்."

"எவரு?"

"அவருதான். எனக்கோசரம்."

குமாரசாமி திரையைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கெப்படிக் கேட்டுது?"

"திரைக்கு அந்தாண்டதானே உக்காந்திருந்தேன். 'புடவையைப் பாரு'ன்னு நீங்க ஆரம்பிச்சதுமே அண்ணன் திருகை இறக்கிடுச்சு. நைனா குரல் அந்த மாதிரி எறங்கினா அடுத்து இன்னா வரும்னு எனக்குத் தெரியும்னுச்சு. நடுவுல மறுபடி அதே பேச்சு வந்துடுமோன்னு பயந்து, திருப்பி ஏத்த நேரமாயிடுச்சு."

"மெதுவாத்தானே பேசினேன். மெதுவாப் பேசினா வெளிய போவாதே!"

"போவும் நைனா." அர்ஜுனன் வயர்ச் சுருளோடு வாசற்படியில் நின்றிருந்தான். "அதுக்குக் கத்தறதும் ஒண்ணுதான், கிசுகிசுக்கறதும் ஒண்ணுதான். பக்கத்துல இருக்கறதை எடுத்துக்கினு போயிடும்."

"ஏண்டா என்கிட்ட சொல்லல?"

"மாமாவும் கண்ணாயிரம் அண்ணனும் நின்னுக்கினு இருந்தாங்களே."

குமாரசாமி கோர்வையை மறுபடி பார்த்தார். கலாவதி புடவைக் கரையை நீவிவிட்டுக்கொண்டாள். "கோர்வை கொஞ்சம் பிசகுதான். எனக்கும் தெரியுது. கட்டிக்கறவ நான்தானே," என்றாள்.

வெளியே கண்ணாயிரம் மாடிப்படியில் கால் வைத்தார்.

"கண்ணாயிரம், ஹார்னை அவுக்காதே. அர்ஜுனா, மறுபடி வயரைக் கட்டு."

அவர் காலையில் உட்கார்ந்த அதே இடத்தில் போய் உட்கார்ந்தார். ரேணுகாம்பாளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். திரைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயரின் வால்வு சூடேறும் வரை காத்திருந்தார். இந்த முறை கத்தவில்லை. வீட்டுக்காரியிடம் பேசுகிற குரலில், மைக்கைப் பார்க்காமலேயே சொன்னார்.

"இந்தா, ரேணுகா. காலையில பழுது செட்டுல இல்ல. எம்பேர்ல."

குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அந்தக் குரலில் குமாரசாமி முதலியார் பேசி அந்தத் தெரு கேட்டதேயில்லை.

"இன்னாங்க இது, தெருவெல்லாம் கேக்குதே!" என்று ரேணுகாம்பாள் பதறினாள். அதுவும் கேட்டது.

"கேக்கட்டும். எங்க முப்பாட்டன் சிவசங்கரன். அவரு பிள்ளை கச்சபேசன். அவரு பிள்ளை எங்கப்பா மாசிலாமணி. அவரு பிள்ளை நான். எம்பிள்ளை அர்ஜுனன். சதுர்த்தி கழிஞ்சதும் மெட்ராஸுக்கு சத்தம் புடிக்கிற வேலைக்குப் போறான். அவனுக்கு நல்ல வேட்டியா ரெண்டு எடுத்து வை."

திரைக்குப் பின்னால் அர்ஜுனன் விரல் திருகின் மேலேயே இருந்தது. அவன் அதை இறக்கவில்லை.