ஆர்.சி.யில் என் பெயர்

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து வந்ததும் அம்மா, ஆம்னி வேனின் முன்பலகையிலிருந்து மாதா சொரூபத்தைப் பெயர்க்க ஆரம்பித்தாள். வண்டி விற்பதென்றால் எங்கள் தெருவில் அதுதான் முறை. மாதாவை இறக்கி, ஓர் அருள் நிறைந்த மரியே சொல்லி, வீட்டுக்குள் கொண்டுபோன பிறகுதான் சாவி கைமாறும். என் நைனா போட்ட பசை லேசில் விடவில்லை. தோசைத் திருப்பியால் நெம்பிக்கொண்டிருந்தாள்.

வாங்க வந்திருந்த ஜஹாங்கீர் பாய் வண்ணாரப்பேட்டையில் பள்ளிக்கூடப் பை தைத்து விற்பவர். கூட்டி வந்திருந்த மகள் ஹஃப்சா அதற்குள் பின்சீட்டில் ஏறிக் காலாட்டிக்கொண்டிருந்தாள்.

"மெர்லின், கையெழுத்த போடு. பாய் எவ்ளோ நேரமா நின்னுகினு கீறாரு" என்றார் நைனா.

வண்டி வாங்கிய நாளில் வீட்டில் பான் கார்டு வைத்திருந்தது நான் மட்டும்தான். அதனால் வண்டியின் பதிவுப் புத்தகம், ஆர்.சி., என் பெயரில். "பேருதான் உன்னுது, வண்டி என்னுது" என்பது நைனாவின் சட்டம். காசிமேட்டிலிருந்து மாதவரத்துக்கு மீன் பெட்டி ஏற்றினார். பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று புளியந்தோப்பில் ஒரு ஷெட்டில் விட்டு, அடுப்பு சிலிண்டரில் ஓடும்படி மாற்றிக்கொண்டார். ஆர்.சி.யில் வண்டி இன்னும் பெட்ரோலில்தான் ஓடுகிறது.

மாலை வகுப்பில் நான் இன்சூரன்ஸ் படிக்கிறேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்ற சந்தேகத்தில் சாரிடம் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் ஒரே பதில். வண்டியில் செய்த மாற்றத்தை ஆர்.டி.ஓ. ஒப்புக்கொண்டு ஆர்.சி.யில் ஏற்றியிருக்க வேண்டும். அடுப்பு சிலிண்டரை எந்தக் காலத்திலும் ஏற்றமாட்டார்கள், ஆகவே கழற்றிவிட்டுத்தான் விற்க வேண்டும். விற்றதையும் நானேதான் எழுதித் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறும்வரை அது யாரை இடித்தாலும், எங்கே எரிந்தாலும், நோட்டீஸ் வருவது எனக்கு.

இதை நைனாவுக்குச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன், தூங்கப் போகும்போது சொன்னேன், கோயிலுக்குப் போகிற வழியில் சொன்னேன். போன வாரம் ஒருவழியாக, "கயட்டிட்டேன், ஆள வுடு" என்றார். நான் சீட்டுக்கடியில் குனிந்து பார்த்திருக்கலாம். பெற்ற அப்பாவைச் சோதனை போடுவதா என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

இப்போது மாதா படக்கென்று கையோடு வந்தாள். அவள் நின்ற இடத்தில், பசை வட்டத்தின் நடுவே, பெட்ரோலுக்கும் கேஸுக்கும் மாற்றும் சுவிட்ச். கேஸ் பக்கத்துப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அம்மா சொரூபத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு, "அட பாவி மனுஷா! மாதாவ இதுக்கா நிறுத்தி வச்ச?" என்றாள்.

"செக்கிங்ல எவனும் மாதாவ தொடமாட்டான்ல" என்றார் நைனா, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

நான் பாயைப் பார்த்தேன். கோபித்துக்கொண்டு போய்விடுவார், போனால் போகட்டும் என்று இருந்தது. அவர் முகமெல்லாம் சிரிப்பு. நைனா பக்கம் திரும்பினார்.

"கேஸா? இத மொதல்லயே சொல்றதில்லியா இன்னாசி அண்ணே! இத்தத்தானே நான் தேடிகினு இருந்தேன்!"

"பாய், இது ஆர்.சி.ல இல்ல. தப்பு. எதுனா ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் தரமாட்டான். செக்ஷன் அம்பத்திரெண்டு..." என்றேன். ஐம்பதா, ஐம்பத்திரண்டா என்று அந்த நேரம் பார்த்துக் குழம்பியது.

"ஒண்ணும் ஆவாதும்மா. மெட்ராஸ்ல பாதி வண்டி இப்படித்தான் ஓடிகினு கீது."

"பேரையாவது ஒடனே மாத்துவீங்களா?"

"ரம்ஜான் போவட்டும், மாத்திக்கலாம்."

"நைனா, நீயாவது சொல்லு."

"இன்னாத்த சொல்றது? வாங்குற ஆளுக்கே பேஜாரு இல்ல. நடுவுல நீ இன்னா வக்கீலா? ரெண்டு கிளாஸு படிச்சிட்டு வந்து வூட்ல கோர்ட்டு நடத்துற!"

பாய் சிரித்தார். நைனாவும் சிரித்தார். விற்பவருக்கு வேண்டாத சட்டம், வாங்குபவருக்கும் வேண்டாத சட்டம், எனக்கு மட்டும் எதற்கு என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது. பேனாவைத் திறந்தேன்.

டங். டங். டங்.

ஹஃப்சா குதிகாலால் சீட்டுக்கடியில் உதைத்துக்கொண்டிருந்தாள். நைனா அடித்து வைத்திருந்த பலகைக்குப் பின்னாலிருந்து இரும்புச் சத்தம் வந்தது. மூக்கை அருகில் கொண்டுபோனேன். மீன் நாற்றம்தான். கேஸ் கசிந்தாலும் அந்த நாற்றத்தில் தெரியப்போவதில்லை.

"எறங்கு கண்ணு" என்றேன்.

"இது எங்க வண்டி" என்றாள்.

"இன்னும் இல்ல."

அவளைத் தூக்கி இறக்கிவிட்டு, அதே இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். பேனாவை மூடினேன்.

"மெர்லின், தமாசு பண்ணாத. எறங்கு."

"சிலிண்டர எறக்கு நைனா. அப்பால நான் எறங்குறேன்."

"அண்ணே, இன்னா இது?" என்றார் பாய். எதிர்வீட்டு வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். என் குதிகால் தானாகப் பலகையில் இடித்தது. டங் என்றது. கீழே நின்ற ஹஃப்சா சிரித்துவிட்டாள். வாசலில் அம்மா, முந்தானைக்குள் மாதாவோடு, உள்ளே போகாமல் நின்றுகொண்டிருந்தாள். முன்பலகையில் அந்தப் பச்சை விளக்கு அணையாமல் எரிந்தது.